மூத்தவனுக்கு உடனே, இளையவளுக்குப் பிறகு

கொரோனா தடுப்பூசி பிள்ளைகளுக்கும் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிட்டது. போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. பொறுத்துப் பார்க்கலாம் என்பது என் கணவரின் கட்சி. இத்தனைக்கும் நான், அவர், என் மாமியார் மூவருமே எங்கள் முறை வந்த அன்றே போய்ப் போட்டுக்கொண்டவர்கள். தனக்கென்றால் யோசிக்காமல் சட்டைக் கையை மடித்தவர், பிள்ளைக்கு என்றதும் தயங்கினார். அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருந்தது, அச்சமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்கத்தான் எங்களுக்கு நாள் பிடித்தது.

பிள்ளைகள் இருவர். மகனுக்கு அப்போது 15 வயது. நோய்நொடி இல்லாதவன், எந்நேரமும் மைதானத்தில் கிடப்பவன். மகளுக்கு 8. சளி பிடித்தால் அவளுக்கு வீசிங் வந்துவிடும், இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். மாமியாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. இந்த விவரங்களை முதலிலேயே சொல்லக் காரணம், கடைசியில் முடிவைத் தீர்மானித்தவை இவைதான்.

ஆரம்பத்தில் எங்கள் வாக்குவாதம் எல்லாம் 'தடுப்பூசி நல்லதா, ஆபத்தா' என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதை மாற்றியவர் எங்கள் குழந்தை மருத்துவர். தொலைபேசியில் நான் 'போடலாமா டாக்டர்' என்று கேட்டேன். "போடலாமான்னு கேட்டா போடுங்கன்னுதான் சொல்வேன், அதுல உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. எந்தப் பிள்ளைக்கு, எந்த ஊசி, எப்போ, போடலைன்னா என்னன்னு கேளுங்க" என்றார். அன்று இரவு இரண்டு தாள் எடுத்து, ஒன்றில் மகன் பெயரையும் இன்னொன்றில் மகள் பெயரையும் எழுதினோம். ஒவ்வொன்றிலும் போட்டால் என்ன நடக்கலாம், போடாவிட்டால் என்ன நடக்கலாம், காத்திருந்தால் என்ன நடக்கலாம் என்று மூன்று பத்தி. காத்திருப்பதைத் தனிப் பத்தியாக வைத்தது என் கணவரின் யோசனை. அதுதான் மிகவும் உதவியது. காத்திருப்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் அந்த நாட்களிலும் வெளியே தொற்று பரவிக்கொண்டுதான் இருக்கும். அதற்கும் ஒரு விலை எழுதவேண்டும்.

மகனின் தாளை முதலில் எடுத்தோம். 2021 மே மாதம் அமெரிக்காவில் 12 முதல் 15 வயதுக்கு ஃபைசர் தடுப்பூசிக்கு அவசரகால அனுமதி கிடைத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் 2,260 பிள்ளைகள் இருந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஊசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். உப்புநீர் போட்டவர்களில் 18 பேருக்குக் கொரோனா வந்தது, ஊசி போட்டவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. நூறு சதவீதம் என்று செய்திகளில் கொட்டை எழுத்தில் வந்தது அதுதான். நான் அந்தத் தலைப்பைக் காட்டினேன். அவர் அதே ஆய்வில் வேறொன்றைக் காட்டினார்: ஊசி போட்டுக்கொண்டவர்கள் மொத்தமே 1,131 பேர்.

இவர் அலுவலகத்தில் கணக்குவழக்கு பார்ப்பவர், எண் என்றால் விடமாட்டார். ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் ஒரு தீவிரப் பின்விளைவு வரவில்லை என்றால், அது வரவே வராது என்று பொருளில்லை. ஏறக்குறைய 370 பேரில் ஒருவருக்கு என்பதைவிட அரிது என்று மட்டும்தான் அதிலிருந்து உறுதியாகச் சொல்லலாம். புள்ளியியலில் இதற்கு எளிய வழி உண்டு: 3ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் மேல்வரம்பு வந்துவிடும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு வரும் பாதிப்பு இத்தனை சிறிய ஆய்வில் கண்ணில் படாமலே போகலாம். பெற்றோருக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இது. 'ஆய்வில் எதுவும் தெரியவில்லை' என்று யாராவது சொன்னால், எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

அவர் பயந்தபடியே ஒன்று தெரியவும் வந்தது. பதின்வயதுப் பையன்களில் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டாம் டோஸுக்குப் பிறகு, ஒரு வாரத்துக்குள் நெஞ்சுவலி. இதயத் தசை அழற்சி, மயோகார்டைட்டிஸ். அமெரிக்காவில் பிறகு வெளியான கணக்கின்படி, 16, 17 வயதுப் பையன்களில் பத்து லட்சம் இரண்டாம் டோஸுக்குச் சுமார் 106 பேர். 12 முதல் 15 வயதுப் பையன்களில் சுமார் 71 பேர். பெண் பிள்ளைகளில் இதைவிட வெகு குறைவு. பெரும்பாலானோர் சில நாள் மருத்துவமனையில் இருந்து குணமாகித் திரும்பினார்கள். கொரோனா தொற்றே இதே அழற்சியை உண்டாக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனால் 'தொற்றில் இன்னும் அதிகம்' என்று ஒரே வரியில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அது வயதையும் பாலினத்தையும் எந்த ஊசி என்பதையும் பொறுத்தது. எங்கள் மகன் சரியாக அந்த ஆபத்துக் கூட்டத்தில் நிற்பவன்.

"முன்னாடியும் இப்படி நடந்திருக்கே" என்பார் இவர். நடந்திருக்கிறது. 1955இல் அமெரிக்காவில் கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த போலியோ ஊசியின் சில தொகுதிகளில் உயிருள்ள கிருமி கலந்திருந்து, பிள்ளைகள் வாதம் வந்து முடங்கினார்கள். 1976இல் பன்றிக் காய்ச்சல் ஊசிக்குப் பிறகு லட்சத்தில் ஒருவர் அளவுக்கு கியாங் பாரே என்ற நரம்புப் பாதிப்பு கூடுதலாக வந்தது. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸ் கிருமிக்கு எதிராக 1998இல் அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டதால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. 2009 பன்றிக் காய்ச்சல் பெருந்தொற்றின்போது ஐரோப்பாவில் போடப்பட்ட பாண்டெம்ரிக்ஸ் ஊசிக்குப் பிறகு, ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் பிள்ளைகளுக்கு நார்கோலெப்சி என்ற தூக்கநோய் கூடியது தெரிந்தது. இதெல்லாம் வதந்தி இல்லை, பதிவான வரலாறு. தடுப்பூசியை ஆதரிப்பவர்கள் இவற்றை மறைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்பவருக்கு வேறெங்கோ தெரியவரும்போது நாம் சொன்ன மற்ற எதையும் நம்பமாட்டார்.

ஆனால் இந்தப் பட்டியலையே இன்னொரு தடவை படித்தபோதுதான் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. கியாங் பாரே ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் தெரிந்தது. குடல் செருகல் பெரும்பாலும் முதல் டோஸுக்கு இரண்டு வாரத்துக்குள். மயோகார்டைட்டிஸ் சில நாட்களில். நார்கோலெப்சி கொஞ்சம் தாமதம், அதுவும் மாதக்கணக்குதான். போட்ட பிள்ளையிடம் பாதிப்பு சீக்கிரமே தலைகாட்டிவிடுகிறது. உலகத்துக்குத் தெரிவதற்குத்தான் நாளாகிறது, ஏனென்றால் அரிய விஷயம் கண்ணில் பட லட்சக்கணக்கானோர் போட்டிருக்க வேண்டும். ஆக, 'பத்து வருஷம் போகட்டும்' என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை லட்சம் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள், அவர்களைக் கண்காணித்து ஒழுங்காக எண்ணுகிறார்களா என்பதுதான் கேள்வி. காத்திருக்க நினைத்தால் காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை, அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு கட்சியும் கைகுலுக்கிக்கொண்ட இடம் இது.

அப்படியும் ஓர் அச்சம் கரையவில்லை. ஒருநாள் இரவு விளக்கை அணைத்த பிறகு சொன்னார்: "தானா வந்து ஏதாவது ஆச்சுன்னா அது நோய். நாமே கூட்டிட்டுப் போய்ப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா?" இதற்குப் புள்ளிவிவரத்தில் பதில் இல்லை. மனோதத்துவ அறிஞர்கள் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். செய்து வரும் தீங்கும் செய்யாமல் வரும் தீங்கும் ஒரே அளவுதான் என்றாலும், செய்து வருவது பெரிதாகத் தோன்றும்.

எனக்கு அப்போது அமெரிக்காவின் பழைய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. 1736இல் அவருடைய நான்கு வயது மகன் பெரியம்மையில் இறந்தான். அன்றைக்குத் தடுப்பூசி கிடையாது. அம்மைக் கொப்புளத்துச் சீழை எடுத்து நல்ல உடம்பில் கீறி ஏற்றுவார்கள். அதிலும் நூற்றில் இரண்டு பேர் இறந்தார்கள், தானாக அம்மை வந்தால் ஏழில் ஒருவர். 1721இல் பாஸ்டனில் வந்த கொள்ளையின்போது எண்ணிய கணக்கு இது. ஃபிராங்க்ளின் அந்த முறையை ஆதரித்தவர். பையனுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால், தேறட்டும் என்று தள்ளிவைத்திருந்தார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. அம்மை ஏற்றியதால்தான் குழந்தை செத்தது என்று ஊரில் வதந்தி பரவி, அதை மறுத்துத் தன் பத்திரிகையிலேயே அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று அந்தத் தகப்பனுக்கு. வயதான காலத்தில் அவர் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: ஏற்றிக் குழந்தை இறந்தால் தன்னை மன்னிக்கவே முடியாது என்று பயந்து பெற்றோர் விட்டுவிடுகிறார்கள், விட்டுவிட்டாலும் வருத்தம் அதே அளவுதான், அதனால் ஆபத்துக் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள்.

பெரியம்மைக் கணக்கைக் கொரோனாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. பிள்ளைகளுக்குக் கொரோனா அத்தனை கொடியது இல்லை. ஆனால் 'விட்டுவிட்டால் பொறுப்பும் நம்மை விட்டுவிடும்' என்ற நினைப்பு மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான். இவர் கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் மகனின் தாளில் ஒரு வரி சேர்ந்திருந்தது: எது நடந்தாலும் முடிவு இருவருடையது, பிறகு ஒருவரை ஒருவர் குத்திக்காட்டக் கூடாது. கணவன் மனைவிக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறவர்கள் இந்த ஒப்பந்தத்தை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. எங்கள் சண்டையில் ஒரு பங்கு தடுப்பூசியைப் பற்றியே இல்லை. நாளைக்குப் பழி யார்மேல் விழும் என்பதைப் பற்றியது.

இதற்கிடையில் மகன் ஒரு நாள் அலுத்துப்போய்க் கேட்டான்: "ஊசி என் கையிலதானே போடப்போறாங்க? என்கிட்ட யாருமே கேக்கலையே." அதுவும் சரிதான். பிரிட்டனில் 1985இலேயே ஒரு வழக்கில், விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் 16 வயதுக்குக் கீழே உள்ளவரும் மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம் என்று தீர்ப்பாகியிருக்கிறது. எல்லா இடத்திலும் சட்டம் அப்படி இல்லை, ஆனாலும் 15 வயதுப் பிள்ளையை உட்காரவைத்து எண்களைக் காட்டச் சட்டம் எதற்கு? காட்டினோம். நெஞ்சுவலி விஷயத்தையும் மறைக்கவில்லை. 'பாட்டிக்கு நான் கொண்டுவந்து கொடுத்திடக் கூடாது' என்பதுதான் அவன் முதலில் சொன்னது. அது எங்கள் தாளில் எங்கேயும் இல்லாத வரி. நான் அதை உடனே சேர்த்துக்கொண்டேன், ஆனால் கடைசி வரியாக. பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளை உடம்பில் ஊசி போடுவதை முதல் காரணமாக்க எனக்கு உடன்பாடில்லை. அவனுக்கே பயன் இருந்தால்தான் போடவேண்டும். பாட்டிக்குக் கிடைப்பது கூடுதல்.

முடிவு, போடலாம் என்று ஆனது. ஆனால் இரண்டு டோஸுக்கும் நடுவில் மூன்று வாரம் என்ற குறைந்தபட்ச இடைவெளியில் வேண்டாம். இடைவெளி நீண்டால் இதயத் தசை அழற்சி குறைகிறது என்று கனடாவில் கவனித்திருந்தார்கள், அங்கே எட்டு வாரம் என்று பரிந்துரைத்தார்கள். பிரிட்டனில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வாரம். எங்கள் மருத்துவரும் ஒத்துக்கொண்டார். 'போடலாமா வேண்டாமா' என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த வழி எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. வீட்டில் அதிக ஆபத்துள்ளவர் இருந்து, தொற்றும் உச்சத்தில் இருந்தால் நீண்ட இடைவெளி சரிப்படாமல் போகலாம். அதை மருத்துவரிடம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசி போட்ட அன்று நடந்தவற்றில் சொல்ல அதிகமில்லை. ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும், அதோடு பதின்வயதினர் ஊசிக்குப் பிறகு மயங்கி விழுவதும் சகஜம். அதனால் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வார்கள். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று எழுந்து ஓடவிடாதீர்கள். இரவு காய்ச்சல், கைவலி, அடுத்த நாள் முழுக்கப் படுக்கை. இரண்டாம் டோஸுக்குப் பிறகு ஒரு வாரம் மைதானம் கிடையாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். சிங்கப்பூரில் இப்படிக் கடும் உடற்பயிற்சியைத் தவிர்க்கச் சொல்லியிருந்ததைப் படித்துத்தான் அந்த ஏற்பாடு. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல், படபடப்பு இந்த மூன்றில் எது வந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும் எழுப்பு என்று அவனிடம் சொல்லியிருந்தேன். பதின்வயதுப் பையன்கள் வலியை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், அதனால் காலையும் மாலையும் நானே கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் எரிச்சல்பட்டான். எதுவும் வரவில்லை.

அடுத்து மகளின் தாள். இங்கே நான் 'சரி, இவளுக்கும் போட்டுவிடலாம்' என்ற வேகத்தில் இருந்தேன், இவர் இன்னும் நிதானமானார். எடை குறைவான பிள்ளை, டோஸ் தாங்குமா என்பது அவர் கவலை. 5 முதல் 11 வயதுக்கு ஃபைசரில் 10 மைக்ரோகிராம்தான், பெரியவர்களுக்குரிய 30இல் மூன்றில் ஒரு பங்கு. டோஸை எடையை வைத்துத் தீர்மானிப்பதில்லை, ஊசி போடும் நாளில் என்ன வயதோ அதைத்தான் பார்க்கிறார்கள். 12ஐத் தொடப்போகும் பிள்ளை உள்ளவர்கள் இதைக் கவனித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் விஷயத்தில் நிபுணர்களே ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்கா 2021 அக்டோபர் இறுதியில் இந்த வயதுக்கு அனுமதி தந்து, எல்லோருக்கும் பரிந்துரைத்தது. ஸ்வீடன் 2022 ஜனவரியில், ஆரோக்கியமான 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று அறிவித்தது. பிரிட்டனில் 12 முதல் 15 வயது விஷயத்திலேயே இழுபறி. 2021 செப்டம்பரில் தடுப்பூசி ஆலோசனைக் குழு, நன்மை மிகச் சிறிது என்று பொதுப் பரிந்துரை தர மறுத்தது. பத்து நாளில் நான்கு தலைமை மருத்துவ அதிகாரிகளும், பள்ளி கெடுவதையும் கணக்கில் சேர்த்து ஒரு டோஸ் போடலாம் என்றார்கள். டென்மார்க் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டது, பிறகு 2022இல் அங்கே சுகாதாரத் துறைத் தலைவரே, இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அதனால் பெரிய பயன் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

முதலில் இதைப் பார்த்துத் தலை சுற்றியது. 'அவங்களுக்கே தெரியலை' என்று உறவினர்கள் சிரித்தார்கள். நான் யோசித்துப் பார்த்ததில் அது அப்படியில்லை. எல்லோர் முன்னாலும் இருந்தது ஏறக்குறைய ஒரே எண்கள். ஆரோக்கியமான சின்னப் பிள்ளைக்கு நோயாலும் ஆபத்துக் குறைவு, ஊசியாலும் ஆபத்துக் குறைவு. தராசின் இரண்டு தட்டிலும் எடை கொஞ்சமாக இருந்தால், ஒரு துரும்பைச் சேர்த்தாலும் முள் சாயும். ஒரு நாடு பள்ளி நாட்களைச் சேர்க்கிறது, இன்னொன்று சேர்ப்பதில்லை. இது புரிந்தபோது எனக்குப் பதற்றம் குறைந்தது. நிபுணர்கள் இப்படிப் பிரிந்து நிற்கும் இடத்தில், நல்ல ஆரோக்கியமான பிள்ளையின் பெற்றோர் எந்தப் பக்கம் போனாலும் பெரும் தவறு நடந்துவிடாது. உயிர்பயத்தோடு முடிவெடுக்க வேண்டிய கட்டம் வேறு.

மகளுக்கு வீசிங் இருந்ததால் தட்டு கொஞ்சம் சாய்ந்தது. ஆனாலும் அந்த எண்ணிக்கைக்காகக் காத்திருந்தோம். ஆய்வில் 2,268 பிள்ளைகள்தான் இருந்தார்கள். 2021 டிசம்பர் முடிவதற்குள் அமெரிக்காவில் இந்த வயதினருக்குச் சுமார் 87 லட்சம் டோஸ் போட்டு முடித்திருந்தார்கள். அதில் உறுதிசெய்யப்பட்ட இதயத் தசை அழற்சிப் புகார்கள் 11. இவர் அந்தத் தாளில் தன் கையாலேயே 'போடலாம்' என்று எழுதினார். நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒமிக்ரான் அலை வீட்டுக்குள் வந்துவிட்டது. மகனுக்கும் எனக்கும் இவருக்கும் லேசாக, மாமியாருக்குக் கொஞ்சம் கூடுதலாக, மகளுக்குக் காய்ச்சலும் வீசிங்கும். இன்ஹேலரோடு வீட்டிலேயே சமாளித்தோம்.

'காத்திருந்ததால்தான் வந்தது' என்று ஒருவர் சொன்னார், யார் என்று எழுதினால் குடும்பத்தில் பிரச்சினை. ஒமிக்ரான் காலத்துக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2021 டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிக்குள், 5 முதல் 11 வயதில் தொற்றைத் தடுக்கும் திறன் 68 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கிவிட்டது. மருத்துவமனைக்குப் போகாமல் காப்பது அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. பயனின் அளவே மாதத்துக்கு மாதம் மாறிய காலம் அது. அதனால்தான் சொல்கிறேன், ஒருமுறை எடுத்த முடிவை வருடக்கணக்கில் கட்டிக்காக்கக் கூடாது. எங்கள் தாள்களில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் தேதி இருந்தது.

தொற்று வந்துபோன பிறகுதான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது. மிஸ்-சி என்ற பல உறுப்பு அழற்சி, பிள்ளைக்குக் கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து வரும். முதல் தொற்று லேசாக இருந்தாலும் வரலாம். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வாந்தி, உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, துவண்டுபோதல். அரிதுதான், ஆனால் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற நோயில்லை. 'கொரோனா சரியாகிவிட்டது' என்று எல்லோரும் நிம்மதியான நேரத்தில் நான் தெர்மாமீட்டரோடு அலைந்தேன். பதின்வயதினரில் இரண்டு டோஸ் ஃபைசர் இதை 90 சதவீதத்துக்கு மேல் தடுத்ததாக அமெரிக்காவில் பார்த்திருந்தார்கள், அந்தக் கணக்கு ஒமிக்ரானுக்கு முந்தையது. அவள் தேறியதும் உடனே போட ஓடவில்லை. மருத்துவர் சொன்னபடி மூன்று மாதம் விட்டு முதல் டோஸ், அப்புறம் நல்ல இடைவெளி விட்டு இரண்டாவது.

இவளுக்கு ஊசி என்றாலே அலறல். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பல வீடுகளில் தள்ளிப்போடுவதற்கு உண்மையான காரணம் இதுதான். 'வலிக்கவே வலிக்காது' என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த தடவை நம்பமாட்டார்கள். 'கொஞ்ச நேரம் சுருக்குன்னு இருக்கும், நான் கையைப் பிடிச்சுக்கறேன்' என்றால் போதும். மரத்துப்போகச் செய்யும் களிம்பு கிடைக்கிறது, மருத்துவரைக் கேட்டு ஒரு மணி நேரம் முன்பே தடவவேண்டும். படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதைவிட மடியில் நிமிர்த்தி உட்காரவைப்பது பயத்தைக் குறைக்கிறது. சாதாரணத் தடுப்பூசிகளுக்கும் இதே கதைதான்.

அந்தச் சாதாரணத் தடுப்பூசிகள்தான் இந்தக் களேபரத்தில் காணாமல் போயின. கொரோனா ஊசியைப் பற்றி இரவெல்லாம் பேசிய நாங்கள், மகனுக்குப் போடவேண்டிய டெட்டனஸ், டிப்தீரியா பூஸ்டர் ஊரடங்கில் தள்ளிப்போனதைக் கவனித்தது பழைய அட்டையைத் தூசி தட்டிய அன்றுதான். எங்கள் வீடு மட்டுமில்லை. டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான் மூன்றுக்குமான ஊசியின் மூன்று டோஸும் போட்ட குழந்தைகள் உலகளவில் 2019இல் 86 சதவீதம், 2021இல் 81 சதவீதம். அந்த ஒரு வருடத்தில் இரண்டரைக் கோடிக் குழந்தைகளுக்கு ஒன்றோ அதற்கு மேலோ டோஸ் விட்டுப்போயிருந்தது. 2022இல் தட்டம்மையால் 1,36,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது, பெரும்பாலும் குழந்தைகள். பெருந்தொற்றுக் காலத்தில் எந்த ஊசிக்கு அவசரம் என்று என்னைக் கேட்டால், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பழைய அட்டையைத்தான். புது ஊசியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் யோசியுங்கள், தட்டம்மை ஊசிக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் வந்ததைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மரபணுவை மாற்றிவிடும், மலடாக்கிவிடும் என்றெல்லாம் வந்தது. ஃபைசர் ஊசியில் இருக்கும் எம்ஆர்என்ஏ, அதாவது ஒரு புரதத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பு, செல்லின் உட்கருவுக்குள் நுழைவதில்லை, சில நாட்களில் சிதைந்துபோகிறது என்று ஒருமுறை பதில் போட்டேன். அதற்குமேல் சண்டை போடவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பலருக்கும் உதவியது: இந்த எண்ணிக்கைக்குக் கீழே, வகுக்கும் இடத்தில், என்ன இருக்கிறது? 'நூறு பேருக்குப் பாதிப்பு' என்றால் எத்தனை பேருக்குப் போட்டதில் நூறு? ஆதரித்து வரும் செய்திக்கும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். மருத்துவரிடம் 'உங்க பிள்ளைக்குப் போட்டீங்களா' என்று கேட்பதையும் பலர் பெரிய சோதனையாக நினைக்கிறார்கள். அவருடைய பிள்ளைக்கு வேறு வயது, வேறு உடம்பு. 'இவளுக்கு வீசிங் இருக்கே, அதனால எது மாறுது' என்று கேட்டபோதுதான் எனக்கு உருப்படியான பதில் கிடைத்தது.

பூஸ்டர் பேச்சு வந்தபோது தாள்களை மறுபடி எடுத்தோம். மகன் அதற்குள் இரண்டு டோஸும் ஒரு தொற்றும் கண்டவன், ஆபத்துள்ள வயதில் இன்னும் இருப்பவன். அவனுக்கு வேண்டாம் என்று முடிவானது, இந்தத் தடவை வேண்டாம் என்று முதலில் சொன்னது நான். மகளுக்கும் போடவில்லை. 2023 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆறு மாதம் முதல் 17 வயது வரையிலான ஆரோக்கியமான பிள்ளைகளைக் கொரோனா ஊசிக்குக் குறைந்த முன்னுரிமைப் பிரிவில் வைத்தது. மாமியார் மட்டும் தவறாமல் போட்டுக்கொள்கிறார். அவருக்குத் தாள் தேவைப்படவில்லை.

போன வருடம் மகளுக்கு ஹெச்பிவி ஊசி பற்றி மருத்துவர் சொன்னார், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. 9 முதல் 14 வயதுக்குள் போடுவது நல்லது என்றார். இவர் வழக்கம்போல, எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். 2006இலிருந்து கோடிக்கணக்கில் என்றதும் தலையாட்டிவிட்டார். மகள்தான் விடவில்லை. களிம்பு தடவி ஒரு மணி நேரம் முழுதாக ஆனதா என்று கடிகாரத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டினாள்.